பச்சை காதுக்கு, றோஸ் வாய்க்கு

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போவது ஆண்களின் காரியம். பெண்கள் ஊரில் இருந்து, தொலைபேசி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது மாறி நடந்தது. மனைவி கனடாவுக்குப் போனாள். நான் வேலணையில் இருந்தேன்.

கனடாவில் இருந்த மகளுக்கு அப்போது முதல் பிள்ளை பிறக்க இருந்தது. தாய் பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்று அழுதாள். விசாவையும் விமானச் சீட்டையும் மருமகன் பார்த்துக்கொண்டார். ஆறு மாதம் என்பது பேச்சு. இரண்டு பேருமாகப் போவோம் என்று மனைவி சொன்னாள், நான்தான் மறுத்தேன். எங்கள் ஒழுங்கையில் அப்போதே பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சண்டையில் இடம்பெயர்ந்து ஊர் ஊராக அலைந்து திரும்பி வந்த நாளில், எங்கள் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே பனை வடலி முளைத்து நின்றதைக் கண்டவன் நான். அதை வெட்டி, கூரை போட்டு, மறுபடியும் குடியிருக்க எடுத்த பாடு எனக்குத் தெரியும். இனி இந்த வீட்டைப் பூட்டுவதில்லை என்று அப்போது மனதுக்குள் நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. மாடு நிற்கிறது, வெங்காயம் நடவேண்டும் என்று சொன்னேன்.

"ஆறு மாதம்தானே. நீர் போயிட்டு வாரும்" என்றேன்.

அவள் போய் இரண்டாம் கிழமை மருமகன் கூப்பிட்டு, ஒரு கணினி வாங்கச் சொன்னார். அப்போது என்னிடம் இருந்தது பொத்தான் வைத்த சின்னக் கைத்தொலைபேசி. கண்ணிலும் புகை படரத் தொடங்கியிருந்தது.

"பெரிய திரையிலை பாத்தா உங்களுக்குச் சுகம் மாமா. மாமியின்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கலாம். பிள்ளை பிறந்தா பிள்ளையையும் பாக்கலாம்" என்றார்.

பிரதேச செயலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்த காலத்தில் நான் கோப்புகளோடேயே நின்றுவிட்டேன். அதைத் தொட்டவர்கள் புதிதாக வந்த பிள்ளைகள். இப்போது எனக்கென்று ஒன்றை வாங்க யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் பொறுமையான மனிதர். பெட்டி, திரை, கமரா, தலையில் மாட்டுகிற ஹெட்செட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியாக விரலளவில் ஒரு துண்டைக் காட்டி, இதுதான் டொங்கிள், இதற்குள் சிம் போட்டுக் கணினியில் குத்தினால் இணையம் வரும் என்றார். ஹெட்செட்டில் இரண்டு வால்கள் தொங்கின. ஒன்றின் முனை பச்சை, மற்றதன் முனை றோஸ்.

"இதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ ஐயா. பச்சை காதுக்கு, றோஸ் வாய்க்கு. மாறிப் போனா நீங்கள் கதைக்கிறது அவைக்குக் கேக்காது."

மினி பஸ்ஸில் திரையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டி சாரதிக்குப் பக்கத்தில் ஏறியது. பண்ணைப் பாலத்தில் காற்று உள்ளே அடித்தபோது மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மண்டைதீவுச் சந்தியில் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "ரீவியோ அண்ணை?" என்று கேட்டார்.

"இல்லை, கம்பியூட்டர்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் நானே எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினேன். கூடத்து மேசையில் திரை, மேசைக்குக் கீழே பெட்டி. மின்சாரம் கொடுத்ததும் அது உறுமிக்கொண்டு எழும்பியது பெரிய வெற்றியாகப் பட்டது. யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. மாட்டுக்கு வைக்கோல் போட வெளியே போனபோது பக்கத்து வளவு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கணினி பூட்டிவிட்டேன் என்றேன். "நல்லது தம்பி" என்றுவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் அழைப்பு ஒரு விடியற்காலையில் நடந்தது. எங்களுக்கு விடியும் நேரத்தில் அவர்களுக்கு முதல் நாள் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். திரையில் மனைவி வந்தாள். மகளின் கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள், கழுத்துவரை மூடியிருந்தது. வாய் அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் "இஞ்சேரும், இஞ்சேரும்" என்று அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். மருமகன் உடனே என் கைத்தொலைபேசிக்கு அழைத்தார்.

"மாமா, பெட்டிக்குப் பின்னாலை பாருங்கோ. மூண்டு ஓட்டை இருக்கும்."

டோர்ச் லைட்டோடு மேசைக்குக் கீழே போய் முழங்காலில் நின்றேன். "இருக்குது."

"றோஸ் எதுக்கை கிடக்கு?"

"நீலத்துக்கை போலை கிடக்கு."

"பச்சை?"

"பச்சை றோசுக்கை."

தொலைபேசிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகனோடு மனைவியும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். மாற்றிக் குத்திவிட்டு எழும்பியபோது மேசை விளிம்பு தலையில் அடித்தது. அந்த வலியோடேயே ஹெட்செட்டை மாட்டினேன். காதுக்குள், மிகக் கிட்டத்தில், அவள் குரல் வந்தது.

"கேக்குதோ?"

"ஓம், கேக்குது. உமக்குக் கேக்குதோ?"

"ஓம், கேக்குது. ஏன் இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

"கமரா அப்பிடிக் காட்டுது."

"சாப்பிட்டியளோ?"

"இப்பதானே விடியுது."

அன்றைக்கு எங்கள் பேச்சில் பாதிக்கு மேல் கேக்குதோ, கேக்குது என்பதுதான். ஆனாலும் அழைப்பு முடிந்தபிறகு நெடுநேரம் நான் கதிரையிலேயே இருந்தேன். அழைப்பை வெட்டும்போது ஒரு சத்தம் வரும், கிணற்றில் சின்னக் கல் விழுந்ததுபோல. அதற்குப் பிறகு வீட்டில் வேறு சத்தம் இல்லை.

பேத்தி பிறந்தாள். திரை முழுவதும் அவளுடைய மூடிய கண்ணும் சிவந்த கன்னமுமாக இருந்தது. மனைவி பிள்ளையைக் கமராவுக்கு மிகவும் கிட்டப் பிடித்திருந்தாள். "கொஞ்சம் தூரப் பிடியும், மூக்குத்தான் தெரியுது" என்று நான் சொல்ல, "உங்கடை மூக்குத்தான்" என்றாள் அவள்.

பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு கோளாறு. டொங்கிளுக்குச் சிக்னல் போதவில்லை. படம் உறைந்து நின்றுவிடும். அவள் வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, அப்படியே நிற்பாள். நான் கடைக்காரரிடம் கேட்டு நீட்டு வயர் ஒன்று வாங்கி வந்து, டொங்கிளைத் தொலைபேசிக் கோபுரம் இருக்கிற பக்கத்து யன்னல் கம்பியில் நூலால் கட்டினேன். மழைக்குச் சொப்பின் பை சுற்றினேன். கடல் காற்றின் உப்பில் அதன் வாயில் பச்சைக் களிம்பு படரும்; பழைய பல்தூரிகையால் தேய்த்துத் துடைப்பேன். இன்னொரு முறை என் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது என்றாள். ஹெட்செட்டின் ஒலிவாங்கி இருக்க, கணினி தன்பாட்டில் கமராவில் இருந்த ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மருமகனுக்கும் எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. திரையில் உள்ள ஆங்கிலச் சொற்களை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் "அது இல்லை மாமா, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒலியைச் சோதிக்க, நாங்கள் கதைக்கிற செயலியிலேயே ஒரு வழி இருக்கிறது என்றும் அன்றுதான் காட்டித் தந்தார். அதைக் கூப்பிட்டால் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசுவாள். பிறகு ஒரு விசில். நாங்கள் பேசுவதைப் பதிந்து எங்களுக்கே திரும்பப் போட்டுக் காட்டும். "ஹலோ, ஹலோ, வேலணை" என்று சொன்னேன். "ஹலோ, ஹலோ, வேலணை" என்று வந்தது.

எதிரொலிதான் தீரவில்லை. நான் சொன்னது கனடாவுக்குப் போய், மகள் வீட்டு ஒலிபெருக்கியில் வெளியே வந்து, அங்கிருந்த ஒலிவாங்கிக்குள் புகுந்து, திரும்ப என் காதுக்கே வரும். மனைவி ஹெட்செட் போட்டால் தீர்ந்துவிடும். அவள் மாட்டேன் என்றாள். "காதை அடைச்சா பிள்ளை அழுறது எனக்குக் கேக்காது" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். நான் "மாடு பால் குறைச்சுப் போட்டுது" என்று சொன்னால் சற்றுப் பிந்தி அதே சொற்கள் அதே அலுப்போடு திரும்பி வரும். பழகிப்போனது.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள்தான் நல்லவை. தினமும் பேச ஏதோ ஒன்று இருந்தது. இன்றைக்குப் படம் வருகிறதா, நேற்றையைவிடத் தெளிவா, யன்னலைத் திறந்தால் என்ன, பூட்டினால் என்ன. முப்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தும் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. நான் வேலையால் வந்து பேப்பர் பார்ப்பேன், அவள் குசினிக்குள் இருப்பாள். சாப்பாடு வைக்கவோ என்பாள், ஓம் என்பேன்.

அழைப்பு முடிந்தபிறகுதான் நாள் நீளும். ஒரு சுண்டு அரிசி போட்டாலும் மிஞ்சும். காகத்துக்கு வைத்து, ஒழுங்கை நாய்க்கு வைத்து, பின்னேரமும் அதையே சாப்பிடுவேன். தோட்டத்தில் நிற்கும்போது அடுத்த நாள் அவளிடம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பேன். வெங்காயத் தாள் மஞ்சளாகிறது, கோயில் மணிக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறார்கள், பூட்டிய வீடு ஒன்றின் மதில் விழுந்துவிட்டது. இப்படி இரண்டு மூன்று சேர்ந்தால் மனம் ஆறும்.

ஆறு மாதம் முடிகிற நேரத்தில் விசாவை நீட்டியிருக்கிறோம் என்று மருமகன் சொன்னார். மகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. நியாயம்தான். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று மனைவி சொன்னாள். பொங்கல் வந்தது; நான் முற்றத்தில் தனியாகப் பானை வைத்துப் பொங்கினேன். கமராவைத் திருப்பி வாசல் வழியாக அவளுக்குக் காட்டினேன். "பால் எந்தப் பக்கம் வழிஞ்சது?" என்று கேட்டாள். வடக்கே என்றேன். "நல்லது" என்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரே கேட்டேன்.

"அப்ப, எப்ப வாறீர்?"

"என்ன? கேக்கேல்லை."

"எப்ப வாறீர் எண்டு கேட்டனான்."

"வெட்டி வெட்டி வருது. நாளைக்குக் கதைப்பம்."

கல் கிணற்றில் விழுந்த சத்தம் வந்தது.

புதிதாக ஏதோ கோளாறு என்று நினைத்தேன். டொங்கிளைக் கழற்றித் துடைத்தேன். வயரை மாற்றினேன். அடுத்த நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பேத்தி குப்புறப் படுக்கிறாள் என்றாள், அங்கே இன்னும் பனி கொட்டுகிறது என்றாள். பிறகு திடீரென்று கேக்கேல்லை என்றாள். நான் ஹெட்செட்டைக் கழற்றி ஊதினேன், திரும்பக் குத்தினேன். புது ஹெட்செட் வாங்கினேன். சில நாள் எந்தக் குறையும் இல்லை, சில நாள் பேச்சு நடுவில் அறுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனை இருக்கச் சொல்லி நெடுநேரம் பேசிப் பார்த்தேன்.

"கண்ணாடி மாதிரிக் கிடக்கு மாமா. ஒரு குறையும் இல்லை" என்றார்.

"மாமிக்குத்தான் கேக்குதில்லையாம்."

"அதே கம்பியூட்டர்தானே மாமா" என்றார். பிறகு வேறு கதைக்குப் போய்விட்டார்.

கடைசியில் பெட்டியையே தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். கடைக்காரர் திறந்து தூசி தட்டி, தன் திரையில் பூட்டி, தன் இணையத்தில் போட்டு, ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்தார். தேநீர் எடுப்பித்துத் தந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதிலை பிழை ஒண்டும் பிடிபடேல்லை ஐயா. எந்த நேரத்திலை வெட்டுது? மழைக்கோ, காத்துக்கோ, விடியவோ பின்னேரமோ? அதைச் சொன்னியளெண்டா பிடிக்கலாம்" என்று கேட்டார்.

சொல்ல வாயெடுத்தேன். எந்த நேரத்தில் என்று ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். மழை நாளிலும் வெட்டியது, வெயில் நாளிலும் வெட்டியது. பேத்தியின் கதையில் வெட்டவில்லை. மாட்டின் கதையில், தோட்டத்தின் கதையில் வெட்டவில்லை. எப்ப வாறீர் என்று நான் கேட்கும்போதுதான் வெட்டியது. அந்த ஒரு கேள்விக்குத்தான்.

"சொல்ல ஏலாது தம்பி" என்றேன். "ஒரு ஒழுங்கில்லாமல் வெட்டுது."

"அப்ப சிக்னலாத்தான் இருக்கும்" என்று பெட்டியை மூடித் தந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்று வந்தேன். இரண்டு பக்கமும் கடல் வற்றி, சேற்றில் கொக்குகள் நின்றன. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், அது வரவில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இந்த மனுசி எனக்குப் பொய் சொல்லவேண்டிய அளவுக்கு என்ன நடந்தது என்பதுதான் யோசனையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டினேன். பின்னேர வெயில் கூடத்துக்குள் விழுந்து கிடந்தது. அந்தச் சோதனைப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் ஆங்கிலத்தில் தன் பாடத்தைச் சொன்னாள். விசில் வந்தது. நான் எப்போதும் கேட்கிற மாதிரியே, கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்த மாதிரியே, சும்மா சொன்னேன்: "அப்ப, எப்ப வாறீர்?"

அது திரும்பி வந்தது.

ஏதோ போகிறபோக்கில் கேட்கிற மாதிரித்தான் நான் கேட்டுவந்தேன் என்று நம்பியிருந்தேன். ஹெட்செட்டில் வந்த குரல் அப்படி இல்லை. கோயில் வாசலில் கையேந்தி இருக்கிறவனின் குரல் அது. 'அப்ப' என்ற சொல்லே கம்மி வந்தது. 'வாறீர்' என்பது முடியாமல் இழுபட்டது. எதிரொலியில் எத்தனையோ நாள் என் குரலைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் பதிலையே பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் சிரித்த முகத்தோடு சொன்னேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

இதைத்தான் அவள் ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். வருகிறேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. வரவில்லை என்று அந்தக் குரலுக்குச் சொல்லவும் முடியவில்லை.

அடுத்த நாள் விடிய அவள் வந்தாள். பேத்தி மடியில் நித்திரை. அதனால் மெல்லப் பேசினாள். நான் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டு, "இஞ்சேரும்" என்றேன்.

அவள் முகம் உடனே இறுகியது. கை அழைப்பை வெட்டுகிற பக்கம் போனது.

"வெட்டாதையும். நான் கேக்கப்போறது அதில்லை. வர ஏலாட்டி நில்லும். நான் இனி அதைக் கேக்கமாட்டன்."

அவள் கை போன இடத்திலேயே நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிள்ளையின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கேக்குதோ?" என்றேன்.

"கேக்குது" என்றாள். பிறகு, "எல்லா நாளும் கேட்டதுதான்" என்றாள்.

அழுதாள். பிள்ளை எழும்பிவிடும் என்று சத்தமில்லாமல் அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் எழும்பிப் போய்த் தண்ணீராவது எடுத்துக் கொடுத்திருப்பேன். கதிரையை முன்னால் இழுத்துப் போட்டேன். திரைக்குக் கிட்டப் போனால் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. திரும்பவும் பின்னால் நகர்ந்தேன்.

"எனக்கு அங்கை வரப் பயமாக் கிடக்கு" என்றாள். "உங்களிலை ஒரு குறையும் இல்லை. அப்பிடி நினைக்காதேங்கோ. அங்கை பின்னேரமானா ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் பேப்பரோடை இருப்பியள். நான் குசினிக்கை போய் ஒரு வேலையும் இல்லாட்டியும் சட்டியளைக் கழுவிக் கழுவி வைப்பன், சத்தம் கேக்கட்டும் எண்டு. இஞ்சை இவள் ஒருத்தி என்னை விடமாட்டாள். இருந்தாலும் தேடுறாள், எழும்பினாலும் தேடுறாள்."

அவள் சட்டி கழுவுகிற சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டபடி இருப்பேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்ற நிம்மதி தருகிற சத்தம் அது. அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

"நீங்களும் வாங்கோவன்" என்றாள்.

"பாப்பம்" என்றேன்.

நான் போகவில்லை. அவளை அங்கேயே வைத்துக்கொள்வதற்கான அலுவல்களை மருமகன் பார்த்தபோது எனக்கும் சேர்த்துப் பத்திரங்கள் அனுப்பினார். அவை அலுமாரியில் கிடந்தன. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு மாட்டைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், குளிரைச் சொன்னேன். எனக்கே நான் சொல்லிக்கொண்டது வேறு. நானும் போனால் இந்த ஒழுங்கையில் இன்னொரு வீடு பூட்டிக்கிடக்கும், உள்ளே வடலி முளைக்கும். அது போதுமான காரணமா என்று தெரியவில்லை. மனைவியை விட ஒரு வீடு பெரிதா என்று மகள் ஒருநாள் கோபித்தாள். பெரிதில்லை என்றேன். ஆனாலும் போகவில்லை.

பேச்சு நிற்கவில்லை. ஒவ்வொரு விடியலும் அவள் வந்தாள். கோபுரம் பலமாகி, டொங்கிளுக்குப் பதில் பெட்டி மாதிரி ஒன்று வந்து, படம் தெளிவாகிவிட்டது. அவள் கன்னத்தில் புதிதாக வந்த மறு ஒன்றுகூடத் தெரியும். கோளாறுகள் போனதோடு அவற்றைப் பற்றிய பேச்சும் போய்விட்டது. சில நாள் அவள் அங்கே உடுப்பு மடிப்பாள், நான் இங்கே தேநீர் குடிப்பேன். அப்படியே நேரம் போகும்.

பேத்திக்கு மூன்று வயதானபோது நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்திக்காக அவர்கள் வந்தார்கள், மனைவியும் மகளும் பேத்தியும். வாடகை வான் வாசலில் நின்றதும் நான் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தேன். பேத்தி என்னைப் பார்த்துத் தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவளுக்குத் தெரிந்தது என் தலையும் தோளும்தான். காலோடு நடந்து வருகிற ஆளை அவள் கண்டதில்லை. வீட்டுக்குள் வந்ததும் அணைந்து கிடந்த திரைக்கு முன்னால் கதிரையில் ஏறி இருந்துகொண்டு, "அம்மப்பா வாங்கோ" என்று அதைக் கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தாள்.

மனைவி கைப்பையை வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து கேட்டாள்: "உப்பு எங்கை வைச்சிருக்கிறியள்?"

நான் எல்லாவற்றையும் அடுப்புக்குக் கை எட்டுகிற தூரத்தில் நாலு போத்தலுக்குள் அடக்கி வைத்திருந்தேன். உப்பு ஒரு பழைய தேயிலைப் பேணியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள், பிறர் வீட்டில் நிற்பவளைப்போல.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போய்ப் பேத்திக்கு மொட்டை போட்டு, அர்ச்சனை செய்து வந்தோம். படகில் மனைவி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். காற்றில் சேலைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது. நெடுநாளைக்குப் பிறகு நாங்கள் தோள் முட்ட இருந்தோம். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. விடியலில் திரைக்கு முன்னால் இருந்தால் வந்திருக்கும் கதைகள் அங்கே வரவில்லை. "வெயில் கூட" என்றாள். "ஓம்" என்றேன்.

போவதற்கு முந்தின நாள் முழுவதும் குசினியிலேயே நின்றாள். றாக்கைகளைத் துடைத்தாள். போத்தல்களைக் கழுவி வெயிலில் காயவைத்து, மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், பருப்பு என்று எல்லாவற்றையும் தன் பழைய ஒழுங்குக்கு வைத்தாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சட்டிகள் முட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு எனக்குக் குசினியில் ஒன்றும் பிடிபடவில்லை. கறிக்குத் தாளிக்க நின்றால் கடுகு இல்லை. அடுத்த நாள் அழைப்பில் கேட்டேன்.

"கடுகு எங்கை வைச்சனீர்?"

"மேல் றாக்கையிலை, சோத்துக் கைப்பக்கம், சின்னப் போத்தல்."

"காணேல்லை."

"நல்லாப் பாருங்கோ. மல்லிப் போத்தலுக்குப் பின்னாலை இருக்கும்."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். இருந்தது. கொண்டுவந்து கமராவுக்குக் காட்டினேன். "அதுதான்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் பெருங்காயம். பிறகு வெந்தயம், புளிப் பேணி, வடி, தேங்காய்த் துருவலையின் கட்டை. ஒவ்வொன்றையும் அவள் அங்கே பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கண்ணை மூடி யோசித்து, எந்தத் தட்டு, எந்த மூலை என்று சொல்வாள். ஒருமுறையும் பிழைத்ததில்லை. கண்முன்னே இருந்த ஒன்றிரண்டை நான் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

அப்படி இரண்டு மாதம்போல ஓடியது. ஆனால் ஒரு குசினிக்குள் எவ்வளவு சாமான் இருக்கும்? கார்த்திகை மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை, கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று றாக்கைகளின் முன்னால் நின்று பார்த்தேன். எல்லாம் இருந்த இடம் எனக்குத் தெரிந்திருந்தது. தேநீரை ஊற்றிக்கொண்டு வந்து கணினியைப் போட்டேன்.